இரண்டு கொல்லைக்கு ஒரு களம்

எங்கள் ஊரில் போச்சே எனும் பந்துருட்டும் ஆட்டத்துக்கான சங்கத்திலிருந்து என் கணவன் எவாசியோவை நீக்கியபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. குறியாக முதலில் வீசும் குட்டிப் பந்துக்கு யாருடைய பந்து அதிக நெருக்கம் என்று நாடா பிடித்து அளந்துகொண்டிருந்த சங்கத் தலைவரிடம், "அது நாடாவா, ரப்பரா? உன் பந்துன்னா மட்டும் சுருங்குதே!" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க எவாசியோ களத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

ஆச்சரியப்படுத்தியது என் அண்ணன் செக்கோந்தோதான். அவன் அதிகம் பேசாதவன். தன் நான்கு பந்துகளையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "என் மாப்ளைக்கு இல்லாத களம் எனக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் அடுத்த வாரமே இரண்டு ஆண்களும் செய்ய வேலையில்லாமல் மாறி மாறி இரண்டு சமையலறைகளிலும் வந்து உட்கார ஆரம்பித்தபோது அந்தப் பெருமை குறைந்துவிட்டது.

நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. அப்பாவின் ஒரே வீட்டை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டபோது பின்னால் இருந்த கொல்லையையும் பிரித்து, நடுவில் இடுப்பளவு செங்கல் சுவர் எழுப்பினோம். என் பக்கம் கீரையும் தக்காளியும். அவன் பக்கம் அண்ணி யோலாந்தாவின் கோழிகளும் டாலியாப் பூக்களும். போச்சே களத்துக்கு இருபது மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். எந்தக் கொல்லையிலும் அது கிடையாது.

எவாசியோ தரைக்கு ஓடு பதிக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அறைக்குள் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பான். ஒரு நாள் மதியம் கையில் ரொட்டியோடு ஜன்னலருகே நின்றவன், "அந்தச் சுவர எடுத்துட்டா?" என்றான்.

"என் தக்காளிய எங்க கொண்டுபோய் வைக்க?" என்றேன்.

"கடையில விக்குது."

"போச்சே களமும் சங்கத்துல இருக்கு. நீ போய் மன்னிப்புக் கேளு."

அன்று மாலையே சுவரின் மேல் வரிசைச் செங்கற்கள் பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் நின்று செக்கோந்தோ ஒவ்வொரு செங்கல்லாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் தொடங்கினார்கள். எங்கள் குன்றுகளின் மண் களிமண். மழைக்குப் பிசின், வெயிலுக்குப் பாறை. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அடியில் பெரிய கற்கள், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் சன்னச் சரளை, எல்லாவற்றுக்கும் மேலே களிமண்ணும் கல்தூளும் கொஞ்சம் செங்கல்பொடியும் சலித்துக் கலந்த மேல்பூச்சு. இடித்த சுவரின் செங்கற்களையே பொடியாக்கிச் சேர்த்தார்கள். சுற்றிலும் விளிம்புக்குப் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள். ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து, தண்ணீர் தெளித்து, காயவிட்டு, உருளை இழுத்து, பிறகுதான் அடுத்த அடுக்கு. எவாசியோ தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்ப்பான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு செக்கோந்தோ நிற்பான்.

"அசையாதே மச்சான்!"

"அசையல மாப்ளே. மூச்சு விட்டேன்."

"அதையும் அப்புறம் விடு."

மழைநீர் வடிவதற்காகக் களத்தின் அடியில் நெடுக ஓட்டை போட்ட பைப் ஒன்றைப் பதித்தார்கள். நிலம் இயல்பாகவே செக்கோந்தோ பக்கம் சரிவு. அதனால் பைப்பும் அந்தப் பக்கம் போய், அவன் வீட்டின் பின்னால் கல் நிரப்பிய ஓர் உறிஞ்சுகுழியில் முடிந்தது. அதைப் பற்றி அப்போது யாரும் இரண்டு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

மே கடைசியில் களம் தயாரானது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகவே இருந்தது. வெளிர் சிவப்பில், இழுத்துக் கட்டிய துணி போல. பந்தை விட்டால் சத்தமே இல்லாமல் போகும். அந்தக் கோடை முழுக்க எங்கள் கொல்லையில் ஆள் இருந்துகொண்டே இருந்தது. சங்கத்து ஆட்களே வெட்கப்படாமல் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். யோலாந்தாவும் நானும் சலாமியும் ஒயினும் எடுத்து வைத்துவிட்டு, திரும்பத் திரும்பக் கோப்பை கழுவினோம். எங்களை யாரும் ஆடக் கூப்பிடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எவாசியோ காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன் களத்துக்குத் தண்ணீர் தெளிப்பான். மாலையில் ஆட்டம் முடிந்ததும் செக்கோந்தோ பழைய கம்பளத் துண்டைக் கயிற்றில் கட்டி இழுத்துத் தரையைச் சமன்செய்வான். ஒருவன் தெளித்தது போதாது என்று மற்றவன் சொல்வான். மற்றபடி சண்டை இல்லை.

அக்டோபரில் மழை பிடித்தது. அந்த வருஷம் நிறுத்தாமல் பெய்தது. ஒரு காலை யோலாந்தா ரப்பர் பூட்ஸோடு நான் வேலை செய்யும் ரொட்டிக்கடைக்கே வந்து நின்றாள்.

"நிலவறைக்குள்ள தண்ணி. கணுக்கால் அளவுக்கு நிக்குது டெல்ஃபீனா. உருளைக்கிழங்கு மிதக்குது."

நான் போய்ப் பார்த்தேன். உறிஞ்சுகுழி நிரம்பி, அதற்கு மேல் வந்த தண்ணீர் எல்லாம் நிலவறைச் சுவர் வழியாகக் கசிந்து உள்ளே இறங்கியிருந்தது. அந்த வருஷத்துப் புது பார்பெரா ஒயின் இருந்த பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஒன்று சாய்ந்து உடைந்திருந்தது. நிலவறை முழுக்க ஒயின் வாடை. செக்கோந்தோ நிலவறைப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவாசியோ குடையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

வந்தவன் முதலில் வருத்தம் தெரிவித்திருக்கலாம். ஆனால் அவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவரு பூச்சு பழசாயிடுச்சு. நான் அப்பவே சொன்னேன்" என்றான்.

செக்கோந்தோ எழுந்தான். "பூச்சா? என் சுவத்துப் பூச்சா? உன் வீட்டுத் தண்ணிய என் வீட்டுக்குள்ள விட்டுட்டு, பூச்சப் பத்திப் பேசுறியா?"

"நிலம் சாய்ஞ்சிருக்கு. நான் சாய்க்கல."

"ஆமா, வேணும்னே சாய்க்கல. ஆனா எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் உன் பக்கம் சாயாது, இல்ல?"

"முப்பத்தஞ்சு வருஷம் தரை போட்டிருக்கேன். என் வேலையில ஒருத்தன் குறை சொன்னதில்ல."

"இப்ப நான் சொல்றேன்."

எவாசியோ குடையை மடக்காமலே திரும்பி நடந்தான்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "தண்ணி எங்கயாவது போய்த்தானே ஆகணும்? எங்க போகும்னு நெனச்சே?"

அவன் நெடுநேரம் சூப்பைக் கிளறினான். "மண்ணுக்குள்ள போகும்னு நெனச்சேன்" என்றான்.

"களிமண்ணுக்குள்ளயா?"

"சூப்புல உப்பில்ல" என்றான்.

இதை அண்ணனிடம் போய்ச் சொல் என்றேன். சொல்லவில்லை. மழை விட்டதும் செக்கோந்தோ களத்தின் நட்டநடுவில், முன்பு சுவர் இருந்த அதே கோட்டில், குறுக்கே தோண்டி, பைப்பைச் சிமெண்டால் அடைத்தான். அதன் மேல் சாண் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு. திட்டின் மேல் கோழிவலை. எவாசியோ ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். திட்டு நேராகத்தான் இருந்தது. அதுகூட அவனுக்கு எரிச்சல்.

அதன்பின் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. "உன் புருஷன்கிட்ட சொல்லு", "உன் அண்ணன்கிட்ட சொல்லு" என்று எல்லாம் என் வழியாகவே போனது. இருவரும் ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் இருந்தார்கள். எவாசியோ பெரிய டிரம், செக்கோந்தோ டிராம்போன். ஊர்வலத்தில் டிரம்முக்கு நேர் முன்னால்தான் டிராம்போன் நடக்க வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க எவாசியோ டிரம்மை வழக்கத்தைவிடப் பலமாக அடித்தான் என்று குழுத் தலைவரே என்னிடம் குறைபட்டார்.

எவாசியோ தன் பாதிக் களத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி, பனியிலிருந்து காப்பாற்றினான். வசந்தம் வந்ததும் பாயை எடுத்து, விரிசல்களில் களிமண் குழைத்துப் பூசி, உருளை இழுத்தான். பிறகு தனியாக ஆடினான். இடது கையில் ஒரு பந்து, வலது கையில் ஒரு பந்து. தன்னைத் தானே தோற்கடித்துவிட்டு, அளவு சரியில்லை என்று தன்னிடமே வாதாடுவான். பாதி நீளத்தில் ஆடுவதால் கை பழகிக் கெட்டுப்போகிறது என்று என்னிடம் புலம்புவான். அந்தப் பக்கம் செக்கோந்தோ கோழிகளைத் திறந்துவிட்டான். சலித்த மேல்மண் கோழிகளுக்குச் சொர்க்கம். ஆளுக்கொரு குழி பறித்து, இறக்கையை விரித்து மண்குளியல் போட்டன. வலைக்கு இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி தரை. அந்தப் பக்கம் அம்மைத் தழும்பு.

ஒரு நாள் எவாசியோவின் பந்து ஒன்று வேகம் கூடி, திட்டின் மேல் எம்பி, வலையின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. கேட்க அவனுக்கு மனமில்லை. கொடுக்க அண்ணனுக்கு மனமில்லை. சில நாள் கழித்து யோலாந்தா அதைக் காய்கறிப் பையில் போட்டு ரொட்டிக்கடைக்குக் கொண்டுவந்து, கல்லா மேல் டொக்கென்று வைத்தாள்.

"இத உன் புருஷன்கிட்ட குடு. என் பழுப்புக் கோழி இத முட்டைன்னு நெனச்சு அடைகாத்துட்டு உக்காந்திருக்கு. எழுப்பினா கொத்துது."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "எனக்கு அலுத்துப்போச்சு டெல்ஃபீனா. சாப்பாட்டு மேசையில தினமும் அந்த பைப்தான்" என்றாள்.

ஏப்ரல் மழையில் இந்த முறை எங்கள் வீடு மாட்டியது. நடுவில் அடைபட்ட தண்ணீர் எங்கள் பாதியின் அடியிலேயே தேங்கி, பின்புறம் துணி துவைக்கும் அறைக்குள் ஏறிவிட்டது. எவாசியோ துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, "பாத்தியா உன் அண்ணன் வேலைய?" என்றான்.

"பாத்தேன். அவன் போன வருஷம் உன் வேலையப் பாத்தான்" என்றேன். துடைப்பம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி ஓடியது.

யோலாந்தாவை அழைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தேன். செக்கோந்தோவின் வீட்டை ஒட்டிச் சாலை இறங்குகிறது. சாலையோரம் மழைநீர் வாய்க்கால் இருக்கிறது. உறிஞ்சுகுழியிலிருந்து வீட்டுச் சுவரோரமாக ஒரு பைப் போட்டால் தண்ணீர் நேராக அந்த வாய்க்காலில் போய் விழும். நடுவில் இருப்பது யோலாந்தாவின் டாலியாப் பாத்தி மட்டும்தான். ஏன் இதை ஆண்கள் முதலிலேயே செய்யவில்லை என்பது அந்தப் பாத்தியைப் பார்த்ததும் எங்கள் இருவருக்குமே புரிந்தது.

யோலாந்தா பாத்தியின் முன்னால் நின்றாள். "டாலியாக் கிழங்கு இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. நடல" என்றாள். சிறிது நேரம் கழித்து, "இந்த வருஷம் வேற எடத்துல நடுறேன்" என்றாள்.

அதே மாதம் இருபத்தைந்தாம் தேதி, எங்கள் நாட்டின் விடுதலை நாள் அன்று பேண்டு குழு பக்கத்து ஊருக்கு வாசிக்கப் போனது. பஸ் கிளம்பிய சத்தம் அடங்கியதும் நாங்கள் மண்வெட்டியை எடுத்தோம். மழையில் ஊறிய மண், வெட்டச் சுலபம், தூக்கத்தான் முதுகு ஒடிந்தது. பூட்ஸில் ஒட்டிய களிமண்ணால் ஆளுக்கு ஒரு சாண் உயர்ந்துவிட்டோம். பைப்பும் சரளையும் ஹார்டுவேர் கடையில் முன்பே சொல்லிவைத்திருந்தேன். மதியத்துக்குப் பின் யோலாந்தா சம்மட்டியோடு களத்தின் நடுவுக்குப் போனாள். வலையைக் கத்தரித்துச் சுருட்டி எறிந்துவிட்டு, சிமெண்டுத் திட்டையும் அதன் அடியில் பைப்பை அடைத்திருந்த சிமெண்டையும் அடித்து உடைக்க ஆரம்பித்தாள். அவள் மெலிந்த உடம்புக்காரி. அன்று அவளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"இது சூப்புக்கு," என்று ஒரு அடி. "இது ராச்சாப்பாட்டுக்கு," என்று இன்னொரு அடி. "இது அந்த டிராம்போனுக்கு!"

"டிராம்போன் என்ன பண்ணுச்சு?"

"கோபம் வந்தா வீட்டுக்குள்ள வாசிக்கிறான்."

பஸ் திரும்பி வந்தபோது பள்ளம் பாதிதான் மூடியிருந்தது. இரண்டு ஆண்களும் பொத்தான் வைத்த நீலக் கோட்டோடு, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கொல்லைக்குள் வந்து நின்றார்கள். வலை இல்லை. திட்டு இல்லை. மண் பூசிய இரண்டு பெண்கள். எவாசியோ குனிந்து பள்ளத்தில் கிடந்த பைப்பைக் கண்ணால் அளந்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனான். செக்கோந்தோவும் போனான். மீதியை மறுநாள் நாங்களே மூடினோம்.

அடுத்த மழையில் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டது போல வாய்க்காலில் போய் விழுந்தது. நிலவறையும் காய்ந்தே இருந்தது, என் துவைக்கும் அறையும் காய்ந்தே இருந்தது. ஆனால் ஆண்கள் பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை என்பது என் கணிப்பு.

யோலாந்தா கோழிகளைக் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டினாள். ஒரு ஞாயிறு மாலை, "இவ்வளவு தோண்டியிருக்கோம், ஒரு தடவை உருட்டித்தான் பாப்போமே" என்றாள். எவாசியோவின் பந்துகளை எடுத்துக்கொண்டு போனோம். தேவாலயப் பூசைக்குப் போட்ட செருப்பை நான் மாற்றவில்லை. யோலாந்தாவுக்கும் என்னைப் போலவே குதிகால் உயர்ந்த செருப்பு. குட்டிப் பந்தை வீசினேன், அது கோழிக்குழி ஒன்றில் விழுந்து மறைந்துபோனது. என் முதல் பந்து ஸ்லீப்பர் கட்டையில் மோதித் திரும்பி என்னிடமே வந்தது. யோலாந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கைக்கு எப்படியோ பந்து நன்றாக வந்தது. எந்தக் குழியில் விழுந்து எந்தக் குழியில் ஏறும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, கோழிகளை மேய்த்தவள் ஆயிற்றே. நாங்கள் நடந்த இடமெல்லாம் குதிகால் ஓட்டை விழுந்தது.

எங்கள் வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "அந்தச் செருப்போட அதுல ஏறாதே! மேல்மண்ணு கிழியுது!" எவாசியோவின் முகம் சிவந்திருந்தது.

"ஏறியாச்சு" என்றேன்.

"தண்ணி தெளிக்காம ஆடுறீங்க! தூசியாப் போகுது!"

பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்தது. "தெளிச்சு என்ன பிரயோஜனம்? மொதல்ல குழிய அடைக்கணும். அடைச்சிட்டுத்தான் தெளிக்கணும்" என்றான் செக்கோந்தோ. எங்களைப் பார்த்துத்தான் சொன்னான்.

"சும்மா அடைச்சா நிக்காது. சுரண்டிட்டு அடைக்கணும்" என்றான் எவாசியோ. அவனும் எங்களைப் பார்த்துத்தான் சொன்னான்.

"சுரண்டிட்டுன்னுதான் நானும் சொல்ல வந்தேன்."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

யோலாந்தா அடுத்த பந்தை வீசினாள். அது தரையில் தொம்மென்று விழுந்து ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி பறித்தது. மேலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றார்கள். அடுத்து மாடிப்படிகளில் இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கும் சத்தம்.

அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. கெட்டுப்போன மேல்மண்ணை விரலாழத்துக்குச் சுரண்டி, புதிதாகக் களிமண்ணும் கல்தூளும் சலித்தார்கள். மட்டப்பலகையின் ஒரு முனையை ஒருவன் பிடிக்க மறுமுனையை மற்றவன் இழுத்தான். பேச்சு மிகக் குறைவு. "தண்ணி." "போதும்." "இன்னும்." "போதும்னேன்." நான் காப்பி கொண்டுபோனபோது இருவரும் உருளையின் மேல் சாய்ந்து நின்றிருந்தார்கள். எவாசியோ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அந்த பைப்ப நான் சாலை வரைக்கும் கொண்டுபோயிருக்கணும்."

செக்கோந்தோ காப்பியை முழுதாகக் குடித்து முடித்தான். "நீ கேட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். டாலியாவத் தொட்டா யோலாந்தா என்னக் கொன்னுருவான்னு சொல்லியிருப்பேன்."

"அப்பிடியும் நான் கேட்டிருக்கணும்."

"ம்."

"குடுவை ஒண்ணுதானே உடைஞ்சுது?"

"ஒண்ணுதான். ஆனா நல்ல குடுவை."

அவ்வளவுதான் பேசினார்கள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன், ஏனென்று தெரியவில்லை.

வேலை முடிந்த ஞாயிறு மாலை எவாசியோ தன் பந்துகளை ஈரத்துணியால் துடைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தான். அந்தப் பக்கமிருந்து செக்கோந்தோவும் வந்தான். யோலாந்தாவும் நானும் தட்டைச் செருப்பில் முன்பே களத்தில் நின்றோம்.

"சரி, நகருங்க" என்றான் எவாசியோ.

"நாங்க ஆட்டத்த பாதியில விட்டுட்டுப் போனோம். முடிக்கணும்" என்றாள் யோலாந்தா.

"எப்ப முடியும்?"

"பன்னிரண்டு புள்ளி வந்ததும். இப்ப எனக்கு மூணு, இவளுக்குப் பூஜ்யம்."

இரண்டு பேரும் வீட்டுச் சுவரோரம் கிடந்த ஸ்லீப்பர் கட்டையின் மேல் போய் உட்கார்ந்தார்கள். நான் எடுத்த எடுப்பிலேயே ஒரு புள்ளி எடுத்தேன். பின்னாலிருந்து, "தோளத் தளர விடு டெல்ஃபீனா" என்றான் என் கணவன். "மணிக்கட்டு, தோள் இல்ல" என்றான் என் அண்ணன். தோளா மணிக்கட்டா என்று அவர்களுக்குள் வாதம் ஆரம்பித்தது. நாங்கள் அதைக் காதில் வாங்காமல் ஆடினோம்.

யோலாந்தா ஜெயித்தாள். அவர்கள் முறை வந்தபோது குட்டிப் பந்து எங்கே கிடக்கிறது என்றே தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. இருந்தாலும் ஆடினார்கள்.